இயல் 6: அனுப்புச் சீட்டும் மறுமொழிக் கடிதமும்

பாம்புக்கடி, எலும்பு முறிவு, பிரசவச் சிக்கல் போன்ற திடீர் ஆபத்துகளில் ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியருடைய பொறுப்பு, நோயாளியை உயிரோடு பெரிய மருத்துவமனையின் வாசலில் சேர்ப்பித்த அளவில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகத் தளர்ச்சி, இருதய பலவீனம், வலிப்பு முதலிய நீடித்த வியாதிகளில் அப்படி முடிவதற்கு இடமே இல்லை. எந்த நிபுணரிடம் எத்தனை முறை அனுப்பினாலும், அடுத்த மாத மாத்திரைக்காகவும், அடுத்த சர்க்கரைப் பரிசோதனைக்காகவும், காலில் புண் வந்தால் கட்டுப் போட்டுக்கொள்வதற்காகவும் அந்த மனிதர் திரும்பி வந்து நிற்கப்போவது அதே சிறிய நிலையத்தின் தாழ்வாரத்தில்தான். ஆகையால் இவ்வகை நோய்களில் ஒருவரை மேலிடத்துக்கு அனுப்புவதென்றால், அவரைப் பற்றி ஓர் அபிப்பிராயம் கேட்டு வாங்குவது என்றே பொருள் கொள்ள வேண்டும். கேட்பவர் தம் கேள்வியைத் தெளிவாகக் கேட்க வேண்டும். சொல்பவர் தம் விடையைக் கேட்டவருக்கே சொல்ல வேண்டும். இவ்விரண்டும் எவ்வளவு அரிதாக நிகழ்கின்றன என்பதை அரசாங்க மருத்துவமனைகளில் உத்தியோகம் பார்த்த எவரும் அறிவர். அவற்றை நிகழச் செய்யும் வழிவகைகளைக் கூறுவதே இவ்வியலின் நோக்கம்.

சிறிய நிலையம் முன்னே, பெரிய மருத்துவமனை அதற்குப் பின்னே என்ற இந்த அடுக்குமுறை நமக்குப் புதிதன்று. இங்கிலாந்தில் 1920-ஆம் ஆண்டில் டாஸன் பிரபுவின் குழு வெளியிட்ட அறிக்கையிலே முதல்நிலை, இரண்டாம் நிலை என்ற பாகுபாடு காணப்படுகிறது. இந்தியாவில் ஸர் ஜோஸப் போர் என்பவரின் தலைமையில் அமைந்த குழு 1946-இல் அதனை நம் நாட்டு நிலைமைக்குத் தக்கவாறு விரித்துரைத்தது. அக்குழுவில் அங்கம் வகித்தவரும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கியவருமான டாக்டர் ஆ. லக்ஷ்மணசுவாமி முதலியார் அவர்களே 1959-இல் நியமிக்கப்பெற்ற மற்றொரு குழுவுக்குத் தலைமை ஏற்று, புதிய நிலையங்களைத் திறந்துகொண்டே போவதைக் காட்டிலும் இருக்கின்றவற்றைப் பலப்படுத்துவதே முதற்காரியம் என்று வற்புறுத்தினார். இன்று சமவெளியில் சுமார் 30,000 பேருக்கும் மலைப்பிரதேசத்தில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அதற்கு மேல் வட்ட மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று கட்டடங்கள் வரிசையாக எழுந்து நிற்கின்றன. படிகள் கட்டியாகிவிட்டன, ஒரு படியில் இருப்பவர் அடுத்த படியில் இருப்பவரோடு பேசும் வழக்கம்தான் இன்னும் வேரூன்றவில்லை.

2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கத் தலைப்பட்ட பிறகு, இந்தப் பேச்சுவார்த்தையின் அவசியம் முன்னிலும் அதிகமாகிவிட்டது. மருத்துவமனையில் நிபுணர் ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டு வேறொன்றை எழுதிக் கொடுக்கிறார். அந்தச் செய்தி சுகாதார நிலையத்தின் பதிவேட்டுக்கு வந்து சேரவில்லை. மாதம் பிறந்ததும் தன்னார்வலப் பெண்மணி தம் பையில் பழைய மாத்திரைகளையே எடுத்துச் சென்று, புன்னகையோடு கொடுத்துவிட்டு வருகிறார். அரசாங்கம் வீடு தேடிக் கொடுத்ததை விலக்கவும் மனமில்லாமல், பெரிய டாக்டர் எழுதியதை விடவும் துணிவில்லாமல், நோயாளி இரண்டையும் விழுங்குகிறார். எவரும் கடமை தவறவில்லை. ஆயினும் விபரீதம் நேர்ந்துவிடுகிறது. இத்தகைய விபரீதங்களிற் பலவற்றுக்கு மூலகாரணத்தைத் தேடிப் போனால், எழுதப்படாத ஒரு மூன்று வரிக் கடிதத்தில் வந்து நிற்போம்.

கேள்வி

அனுப்புச் சீட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் வாசகம் ‘மேல் சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறார்’ என்பது. இதைவிடப் பயனற்ற வாக்கியத்தை இயற்றுவது கடினம். நூறு பேர் வரிசையில் நிற்கும் வெளிநோயாளர் பிரிவில், ஒருவருக்குச் சில நிமிஷங்களே ஒதுக்கக்கூடிய நிலையிலுள்ள மருத்துவர், இந்தச் சீட்டைப் பார்த்ததும் நோயாளியையே திரும்பிப் பார்த்து, ‘என்னம்மா செய்யுது?’ என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. அந்த அம்மையாரோ தம்மை வருத்தும் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லுவாரேயன்றி, கிரியாட்டினின் ஏறியிருப்பதைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. வலிக்கு மாத்திரை எழுதப்படுகிறது. சிறுநீரகத்தைப் பற்றிய பேச்சே எழாமல் அவர் ஊர் திரும்புகிறார். முகவரி எழுதாத தபால் போய்ச் சேரவில்லையே என்று தபால்காரரை நொந்துகொள்வதில் நியாயமில்லை.

ஆகவே பேனாவை எடுக்கும் முன் வைத்தியர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: இந்த நோயாளி திரும்பி வரும்போது நான் எதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்? நோய் இன்னதென்று நிர்ணயிக்க வேண்டுமா? நோய் தெரிந்ததே, மருந்தை மாற்றுவதா கூட்டுவதா என்பதில்தான் சந்தேகமா? விழித்திரையைப் பார்த்தல், எதிரொலிப் பரிசோதனை எனும் எக்கோ எடுத்தல் போன்ற, இங்கே வசதியில்லாத ஒரு பரிசோதனை மாத்திரமே தேவையா? அல்லது இன்னும் சில மாதங்களுக்கு மேலிடமே இவரை ஏற்றுக்கொள்ள வேண்டுமா? இந்த நான்கில் எது என்பதைச் சீட்டின் முதல் வரியிலேயே எழுதிவிட்டால், எதிர்ப்புறத்தில் இருப்பவருடைய வேலை பாதியாகக் குறைந்துவிடும். நீரிழிவுக்காரர்களின் கண்ணை ஆண்டுக்கொரு முறை பார்க்க அனுப்புவதற்கு நீண்ட சரித்திரம் தேவையில்லை, ‘விழித்திரைப் பரிசோதனை மட்டும், முடிவை இச்சீட்டின் பின்புறம் எழுதித் தருக’ என்ற ஒரு வரி போதும். கேள்வியே தோன்றாவிட்டால், அனுப்ப வேண்டிய அவசியம் உண்மையிலேயே இருக்கிறதா என்று யோசித்துப் பார்ப்பது நல்லது. ஒரு நாள் கூலியையும் இரண்டு பஸ் கட்டணத்தையும் இழந்து போகிறவரை நம் மனநிம்மதிக்காக மட்டும் அனுப்புவது தர்மமாகாது.

கேள்விக்கு அடுத்தபடியாக மருந்துகள். எழுதிக் கொடுத்தவை ஒரு வகை, உண்மையில் உட்கொள்ளப்படுபவை வேறொரு வகை; கடிதத்தில் இடம்பெற வேண்டியது இரண்டாவது பட்டியல். இதை அறிவதற்கு ஒரே மார்க்கம், வீட்டிலுள்ள மாத்திரைப் பட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்லி, மேஜைமேல் கொட்டிப் பார்ப்பதுதான். அப்போது மருத்துவமனையில் கிளிமிபிரைடு என்று கொடுத்ததும், கடையில் வேறொரு வியாபாரப் பெயரில் வாங்கியதும் ஒரே மருந்து என்பது வெளியாகும்; விடியற்காலையில் வியர்த்து மயங்கி விழுந்ததற்குக் காரணமும் விளங்கும். மருந்துகளைப் பொதுப்பெயரால், தெளிவான எழுத்தில், இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் 2016-இல் செய்யப்பெற்ற திருத்தம். அதைப் பின்பற்றுவதற்கு இதைவிடத் தகுந்த சந்தர்ப்பம் கிடையாது. சித்த மருந்துகள், நாட்டு வைத்தியர் கொடுத்த சூரணங்கள், முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகள் ஆகியவற்றைக் கடிந்துகொள்ளாமல் விசாரிக்க வேண்டும். கடிந்துகொண்டால் மறுமுறை உண்மை வெளிவராது. எந்த மருந்தை எப்போது ஏன் நிறுத்தினோம் என்பதையும் எழுதத் தவறலாகாது. எனலாப்ரிலால் வறட்டு இருமல் வந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால், நிபுணர் நல்லெண்ணத்தோடு அதையே மறுபடியும் தொடங்கிவைப்பார்.

பரிசோதனை எண்களில் ஒன்றை மட்டும் எழுதுவது அநேகமாக எழுதாததற்குச் சமானம். கிரியாட்டினின் 1.8 என்றால் அது பத்து ஆண்டுகளாக நிலைத்து நிற்கும் 1.8-ஆ, ஆறு மாதத்துக்கு முன் 1.2-ஆக இருந்ததா என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. தேதியோடு கூடிய இரண்டு அல்லது மூன்று எண்கள், எத்தனை பக்கப் பரிசோதனைத் தாள்களையும் விட அதிகம் பேசும்.

கடைசியாக, நோயாளியின் வாழ்க்கையைப் பற்றி ஒரு வரி. யார் துணைக்கு வருவார், என்ன தொழில், படிக்கத் தெரியுமா, எதற்குப் பயப்படுகிறார் என்பவையெல்லாம் நிபுணருக்குத் தெரிய வாய்ப்பில்லை. கிராமத்து வைத்தியருக்குத் தெரியும். கண் சரியாகத் தெரியாத, தனியே வசிக்கும் கிழவிக்கு வேளைக்கு இவ்வளவு என்று அளந்து போட வேண்டிய இன்சுலினை எழுதிக் கொடுத்தால், அது சாஸ்திரப்படி சரியாக இருந்தும் காரியத்துக்கு உதவாது.

ஒரு மாதிரி

வைத்தியர்கள் ஒருவருக்கொருவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வதே இன்றைய சம்பிரதாயம். எந்த மொழியில் எழுதினாலும் அமைப்பு இதுவேயாகலாம். இதிலுள்ள நோயாளி கற்பனையானவர்.

“சிறுநீரகப் பிரிவு மருத்துவர் அவர்களுக்கு: சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஆறு மாதத்தில் வேகமாகக் குறைந்ததற்குக் காரணம் நீரிழிவு மட்டும்தானா? எனலாப்ரிலைத் தொடரலாமா? இவ்விரண்டே என் கேள்விகள். 58 வயதுப் பெண், கட்டட வேலை, நீரிழிவு 11 ஆண்டுகள், இரத்த அழுத்தம் 6 ஆண்டுகள். கிரியாட்டினின் மார்ச்சில் 1.2, செப்டம்பரில் 1.8, வடிகட்டும் திறன் சுமார் 52-லிருந்து 32-க்கு இறங்கியுள்ளது. பொட்டாசியம் 5.2. சிறுநீரில் புரதம் இரண்டு பிளஸ். இரத்த அழுத்தம் 150/90. மெட்ஃபார்மின் 1000 மி.கி. இருவேளை என்பதை இவ்வாரம் 500 மி.கி. இருவேளையாகக் குறைத்தேன். எனலாப்ரில் 5 மி.கி. இருவேளை, அம்லோடிபின் 5 மி.கி. ஒருவேளை உட்கொள்கிறார், அம்லோடிபின் 10 மி.கி. கொடுத்தபோது கால் வீங்கியது. முழங்கால் வலிக்காக நான்கு மாதங்களாகக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார், நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். டயாலிசிஸ் என்ற சொல்லைக் கேட்டுப் பயந்திருக்கிறார். தனியாக வருவார், இயன்றால் எல்லாப் பரிசோதனைகளையும் ஒரே நாளில் முடித்தருள்க. கிரியாட்டினினும் பொட்டாசியமும் இங்கேயே பார்க்க முடியும். பிற்பகல் 2 முதல் 4 வரை என்னோடு தொலைபேசியில் பேசலாம்.”

இதை எழுதப் பத்து நிமிஷம் ஆகும். நூற்றைம்பது பேர் வரும் நிலையத்தில் எல்லாருக்கும் இப்படி எழுதுவது எங்ஙனம் என்று கேட்பவர்களுக்கு, எல்லாருக்கும் எழுத வேண்டியதில்லை என்பதே விடை. சிக்கலான நோயாளிகள் ஒரு நாளைக்கு ஓரிருவருக்கு மேல் இருக்கமாட்டார்கள். மற்றவர்களுக்கு முன்கூறிய ஒற்றை வரிச் சீட்டே தகும். பூர்த்தி செய்ய வேண்டிய அச்சுப் படிவங்களில் கட்டங்கள் மிகுந்திருந்தால் அவற்றில் பெரும்பகுதி வெறுமையாகவே போகும். கேள்விக்கென்று ஒரு பெரிய கட்டம் மேலே இருந்தால் மற்றவை எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்பது என் எண்ணம்.

நெஞ்சுவலியோடு வருபவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது பாதகம். அங்கே 108 வண்டியே கடிதம். எனினும் 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் ஆகியவற்றை முதற்பெரும் அளவில் கொடுத்து அனுப்பும்போது, என்ன அளவு, எத்தனை மணிக்கு என்பதை ஒரு துண்டுத்தாளிலேனும் எழுதி நோயாளியோடு அனுப்ப வேண்டும். இன்றேல் அங்கே சென்றதும் மறுபடியும் அதே அளவைக் கொடுக்கும் அபாயம் உண்டு.

அனுப்பியவர்களைத் தேடுதல்

அனுப்பப்பெற்றவர்கள் எல்லாரும் போய்ச் சேருவதில்லை. ஆகையால் ஒவ்வொரு நிலையத்திலும் அனுப்பிய தேதி, கேட்ட கேள்வி, மறுமொழி வந்த தேதி என்ற மூன்று பத்திகள் கொண்ட ஒரு பதிவேட்டைச் செவிலியர் ஒருவர் பொறுப்பில் வைத்து, வாரம் ஒரு முறை, ஒரு குறிப்பிட்ட கிழமையில், மூன்றாவது பத்தி காலியாக உள்ளவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். போகாததற்குக் காரணம் அலட்சியம் என்று முடிவு கட்டிவிடலாகாது. ‘அட்மிட் பண்ணிடுவாங்க, வீட்டுல ஆள் இல்லை’ என்பதும், மகனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்பதும், போன நாளில் அந்தப் பிரிவு இயங்கவில்லை என்பதுமே பெரும்பாலும் காரணங்கள். கடைசியாகச் சொன்னது முழுக்க முழுக்க நம் குற்றம். மாவட்ட மருத்துவமனையில் எந்தக் கிழமை எந்த நிபுணர் இருப்பார், எத்தனை மணிக்குள் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும் என்ற விவரத்தைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டிவைக்காத நிலையம், தன் நோயாளிகளை வீணே அலையவிடுகிறது.

மேலிடத்தின் கடமை

இதுகாறும் சொன்னவை கீழிருந்து மேலே செல்லும் கடிதத்தைப் பற்றியவை. மேலிருந்து கீழே வர வேண்டிய கடிதம் இதனினும் முக்கியமானது. நடைமுறையில் அது இதனினும் அரிது. ஓ.பி. சீட்டில் கிறுக்கப்பட்ட நான்கு மாத்திரைப் பெயர்களை மறுமொழி என்று கொள்ள இயலாது. எது புதிது, எது பழையது, எதை எதற்காக மாற்றினார்கள் என்பது அதில் இல்லை. உள்நோயாளியாக இருந்து வீடு திரும்புபவர் கொண்டுவரும் டிஸ்சார்ஜ் சம்மரியோ, அங்கே செய்த பரிசோதனைகளையெல்லாம் ஒப்பித்துவிட்டு, இனிமேல் யார் என்ன செய்ய வேண்டும் என்ற இடம் வந்ததும் ‘இரண்டு வாரம் கழித்து வரவும்’ என்று மௌனமாகிவிடுகிறது. அதைப் பயிற்சி மருத்துவர்களே பெரும்பாலும் எழுதுகிறார்கள்; அவர்களுக்கு இதனைக் கற்பிக்கும் பேராசிரியர்கள் சிலரே.

மேற்கண்ட கடிதத்துக்கு ஒரு நல்ல மறுமொழி இப்படி இருக்கலாம்: “வலி மாத்திரையே வேகமான சரிவுக்குப் பிரதான காரணம் என்று கருதுகிறேன்; அதற்கு முன்பே நீரிழிவினால் ஓரளவு பாதிப்பு இருந்திருக்கிறது. ஸ்கேனில் அடைப்பு இல்லை. எனலாப்ரில் தொடரட்டும், மெட்ஃபார்மின் தாங்கள் குறைத்த அளவே போதும். புதிய மருந்து ஒன்றும் சேர்க்கவில்லை. இரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் தாங்கள் பார்க்கவும். பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் எனலாப்ரிலை நிறுத்திவிட்டு என்னிடம் பேசவும். வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு அனுப்பவும். இல்லையேல் மூன்று மாதம் கழித்து நான் பார்த்தால் போதும். இப்போது டயாலிசிஸ் தேவையில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.” கேள்விக்கு விடை, மருந்தில் மாற்றம், யார் எப்போது எதைப் பார்ப்பது, எந்த எல்லையைத் தாண்டினால் திருப்பி அனுப்புவது, நோயாளியிடம் என்ன சொல்லப்பட்டது ஆகிய அனைத்தும் இதில் அடங்கிவிட்டன. கடைசி விவரத்தை எவரும் எழுதுவதில்லை; ஆனால் ஊருக்கு வந்த நோயாளி முதலில் கேட்பது அதைப் பற்றித்தான்.

மருந்து எழுதும்போது நிபுணர் மற்றொன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். 1994-இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசாங்க மருத்துவமனைகளுக்கு மருந்துகளை வாங்கி வழங்குகிறது எனினும், மருத்துவக் கல்லூரியில் கிடைக்கும் எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைத்துவிடுவதில்லை. அங்கே இல்லாத மருந்தை எழுதினால், அந்த மருந்து தீர்ந்த நாளோடு சிகிச்சையும் தீர்ந்துவிடும். ‘இது கிடைக்காவிட்டால் இன்னதைக் கொடுக்கலாம்’ என்று ஒரு மாற்று மருந்தையும் குறிப்பிடுவது சிறிய உபகாரந்தான். அதனால் விளையும் நன்மை பெரிது.

இனிச் சொல்லப்போவது காகிதத்தைப் பற்றியதன்று, மனோபாவத்தைப் பற்றியது. ‘யார் உனக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தது?’ என்று நிபுணர் நோயாளியின் முன்னிலையில் உரத்துக் கேட்கும் ஒரு கேள்வி, சுகாதார நிலையத்தின்மீது அந்தக் குடும்பம் பல்லாண்டுகளாக வைத்திருந்த நம்பிக்கையை ஒரு கணத்தில் குலைத்துவிடும். அதன்பின் அவர்கள் ஒவ்வொரு தலைவலிக்கும் பெரியாஸ்பத்திரிக்கே வருவார்கள். கூட்டம் பெருகிவிட்டதென்று அங்கே உள்ளவர்களே குறைபட்டுக்கொள்வார்கள். கீழ்நிலையில் தவறு நேர்ந்திருந்தால் அதைத் தொலைபேசியில், தனியாக, பெயர் சொல்லி அழைத்துச் சொல்லலாம். சுகாதார நிலையத்தாரும் ‘அங்கே போனால் ஒழுங்காகப் பார்க்கமாட்டார்கள்’ என்று சொல்லி அனுப்பும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

கணினி இந்தக் குறைகளைத் தீர்த்துவிடும் என்று நம்புவோர் உளர். 14 இலக்கங்கள் கொண்ட ஆபா எண், இ-சஞ்சீவனி வழியாக மருத்துவரோடு மருத்துவர் கலந்தாலோசிக்கும் வசதி ஆகியவை வரவேற்கத்தக்கவையே. தொலைந்துபோகும் காகிதத்தை அவை மிச்சப்படுத்தும். ஆனால் கேள்வியே எழுதாதவர் திரையிலும் எழுதப்போவதில்லை.

நோயாளிக்கு உரிய பங்கு

இன்றைய நிலையில் இரு வைத்தியர்களுக்கும் இடையே செய்தி கொண்டுபோகிறவர் நோயாளி ஒருவரே. ஆயினும் அவர் சுமந்து செல்லும் காகிதத்தை அவரால் படிக்க இயலாது. இங்கிலாந்தில் மருத்துவர்களின் கடிதங்களுக்கு நோயாளிகளுக்கும் பிரதி தர வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டிலேயே அரசின் கொள்கையாயிற்று. 2018-இல் அந்நாட்டு மருத்துவக் கழகங்களின் கூட்டமைப்பு, வெளிநோயாளர் கடிதங்களை நோயாளிக்கே முகவரியிட்டு எளிய மொழியில் எழுதுமாறு வழிகாட்டியது. அந்த அளவுக்கு நாம் இன்றே போக வேண்டுமென்பதில்லை. நோயாளியின் நோட்டுப் புத்தகத்தில் தமிழில் நான்கு வரி எழுதினால் போதும்: எதற்காகப் போகிறீர்கள், எந்தக் கிழமை எந்த அறைக்கு, எதைக் கேட்டு வர வேண்டும், திரும்பி வந்ததும் யாரிடம் காட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவராயின் வீட்டிலுள்ள பள்ளிப்பிள்ளை படித்துச் சொல்லும். உள்நோயாளியின் மருத்துவக் குறிப்புகளை மூன்றாண்டுகள் பாதுகாக்கவும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தரவும் மருத்துவர்கள் கடமைப்பட்டவர்கள் என்பது மேற்சொன்ன 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. இந்த உரிமையை நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்லும் வேலையும் சுகாதார நிலையத்தைச் சேர்ந்ததே.

மறுமொழி வந்த அன்றே செய்ய வேண்டியவை இரண்டு. புதிய மருந்துப் பட்டியலைப் பதிவேட்டில் திருத்தி, அந்தத் தெருவுக்குரிய தன்னார்வலரிடம் அடுத்த சுற்றுக்கு முன்பே அதன் நகலைக் கொடுத்துவிட வேண்டும். அவர் புதிய மாத்திரையைக் கொடுக்கும்போது, நிறுத்தப்பட்ட பழைய பட்டைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும். ‘இருக்கட்டும், அப்புறம் உதவும்’ என்று அலமாரியில் பத்திரப்படுத்தப்படும் மாத்திரை, என்றைக்காவது ஒரு நாள் விழுங்கப்பட்டே தீரும்.

சீட்டு ஏதும் இல்லாமல் தாமாகவே தனியார் மருத்துவமனைக்குச் சென்று, பளபளக்கும் உறைக்குள் தடித்த கோப்போடு திரும்பி வருபவர்களும் உண்டு. அவர்களைக் கண்டு முகம் சுளிக்காமல், கோப்பு முழுவதையும் ஒரு முறை புரட்டி, ஒரே பக்கத்தில் நோய்களின் பெயர், இப்போதைய மருந்துகள், தேதியோடு கூடிய முக்கியமான எண்கள், விடை தெரியாத சந்தேகங்கள் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்டு, அந்தத் தாளைக் கோப்பின் மேலே வைத்துத் தைத்துக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை அவர் எங்கே சென்றாலும், அங்குள்ளவர் முதலில் படிக்கப்போவது அந்தத் தாளையே.